வாசிகசாலையிலிருந்து கைத்தொலைபேசி வரை

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை வரலாறு 1841 ஜனவரியில் அமெரிக்க மிஷனரிமார் வெளியிட்ட 'உதயதாரகை'யுடன் தொடங்குகிறது. 1889இல் 'இந்து சாதனம்' வந்தது. 1930இல் கொழும்பிலிருந்து 'வீரகேசரி'யும் சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையாவின் 'ஈழகேசரி'யும் வெளிவரத் தொடங்கின. 1932இல் 'தினகரன்' தோன்றியது. எமது சங்கம் வளர்ந்த காலமே பத்திரிகை ஊர்களுக்குள் பரவிய காலமுமாகும்.

ஊர்ச் சந்திகளில் வாசிகசாலைகள் எழுந்தன. ஒரு பத்திரிகையின் பக்கங்களை நாலு பேர் பிரித்து வாசிப்பார்கள். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதும் உண்டு. வாசிப்பு முடிந்தாலும் விவாதம் முடியாது. ஆனால் அந்த மேசையில் எங்கள் அம்மாமாருக்கும் அம்மம்மாமாருக்கும் இடம் இருக்கவில்லை. வீட்டு ஆண்கள் வாசித்து முடித்த பத்திரிகைதான் அவர்களின் கைக்கு வந்தது. கடையில் கடலை சுற்றித் தந்த சரையை விரித்து வாசித்தவர்களும் இருந்தார்கள்.

இந்த இடைவெளியை நிரப்பியவர்களில் படித்த பெண்பிள்ளைகள் முக்கியமானவர்கள். பாடசாலையால் வந்து, முதியவர்களுக்குப் பத்திரிகையை உரத்து வாசித்துக் காட்டுவது பல வீடுகளில் அவர்களின் வேலையாக இருந்தது. முதலில் மரண அறிவித்தல், பிறகு ஊர்ச்செய்தி, கடைசியில் தொடர்கதை. பெண்கள் வாசிப்பதோடு நிற்கவும் இல்லை. மங்களம்மாள் மாசிலாமணி 1923இல் 'தமிழ்மகள்' என்ற பெண்கள் சஞ்சிகையைத் தொடங்கினார். இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1931இல் என்பதை நினைத்தால் அந்த முயற்சியின் பெறுமதி விளங்கும்.

வானொலி வந்தபோது பத்திரிகை தளரவில்லை. 'பூவும் பொட்டும்' நிகழ்ச்சியைக் கேட்டபடியே சமையலும் நடந்தது. பத்திரிகைக்குரிய நேரம் அப்படியே இருந்தது. 1982இல் ரூபவாகினி தொடங்கிய பின்னரே மாலை நேர வாசிப்பு குறையத் தொடங்கியது.

அதற்கு முன்பே பேரிழப்பொன்று நேர்ந்துவிட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட நாட்களில் 'ஈழநாடு' பணிமனையும் எரிக்கப்பட்டது. பின்னர் 1990களில் பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் வராதபோது, கோடிட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சாயிற்று. மின்சாரமில்லாத வீடுகளில் குப்பி விளக்கின் அருகே அதை வாசித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஒரு பிரதி பல வீடுகளுக்குக் கைமாறியது. அவ்வளவு இடரிலும் பத்திரிகை வாசிக்கும் பழக்கம் அழியவில்லை.

போர் செய்யாததைச் சிறிய கைத்தொலைபேசி செய்துவிட்டது. காலையில் படலையடியில் பத்திரிகைக்காகக் காத்திருந்த நேரம் இப்போது முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போகிறது. 2020இல் ஊரடங்கு விநியோகத்தை முடக்கியது. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள்கூடப் பிற்போடப்பட்டன. 'த ஐலண்ட்', 'திவயின' ஆகியவை சனிக்கிழமை அச்சுப் பதிப்புகளை நிறுத்தின.

இதை முழுதும் நட்டமென்று சொல்வது நியாயமாகாது. வாசிகசாலை மேசையில் இடம் கிடைக்காத பெண்ணுக்குக் கைத்தொலைபேசி தனக்கென ஒரு வாசிப்பிடத்தைக் கொடுத்திருக்கிறது. ஊரில் ஒரு ஆசிரியை காலமானால், ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் மாணவிகள் அன்றே அறிகிறார்கள். ஆனால் ஒரே வீட்டில் நாலு பேர் நாலு திரையைப் பார்க்கும்போது, ஒரே செய்தியை எல்லோரும் சேர்ந்து பேசும் வழக்கம் போய்விடுகிறது. கைத்தொலைபேசியை மாற்றும்போது அதிலிருந்த செய்திகளும் பெரும்பாலும் தொலைந்துபோகின்றன. பத்திரிகைத் துண்டோ பெட்டகத்தின் அடியில் ஐம்பது வருடம் கிடக்கும்.

எங்கள் பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி, நாடகம், அதிபர்மாரின் பிரியாவிடை ஆகியவற்றுக்கான சாட்சியங்கள் அத்தகைய துண்டுகளில்தான் இருக்கின்றன. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' இணைய நூலகம் பழைய பத்திரிகைகளையும் சேர்த்து வருகிறது. அங்கும் இல்லாத பிரதி, நம்மில் ஒருவரின் வீட்டில் இருக்கக்கூடும்.

ஆகவே உலகெங்கும் உள்ள பழைய மாணவிகளிடம் நூற்றாண்டு வேண்டுகோள் ஒன்று. அம்மாவின் பெட்டகத்தை ஒதுக்கும்போது பழைய பத்திரிகைத் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். பத்திரிகையின் பெயரும் திகதியும் தெரிந்தால் ஒரு சிறு தாளில் எழுதி உடன் வையுங்கள்; திகதியில்லாத துண்டு வரலாற்றுக்கு அரைச் சாட்சியம்தான். படம் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பி, மூலப்பிரதியைப் பாடசாலை நூலகத்தில் சேருங்கள். இருநூறாவது ஆண்டு மலரை எழுதப்போகும் பிள்ளைக்கு நாங்கள் விட்டுச்செல்லக்கூடிய முதுசம் அது.