அஞ்சு காசுப் பம்பரம்

1989இல் மலேசியாவில் புது அஞ்சு காசு வந்தபோது என் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு பக்கம் செம்பருத்தி, மறுபக்கம் பம்பரம். கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு, “இது நம்ம பம்பரம் இல்லடா, காசிங்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தாத்தா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். 1886இல் புக்கிட் கூடாவுக்கும் கோலாலம்பூருக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. செங்கல் சூளைகளால் பெயர் வாங்கிய இடம் பிறகு ரயில்காரர்களின் ஊராயிற்று. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் அந்தச் சந்துகளில் பம்பரம் விட்டார்கள். கூம்புக் கட்டை, அடியில் ஆணி, சுற்றச் சாட்டை. வட்டத்துக்குள் கிடக்கும் பம்பரத்தை ஓங்கிக் குத்தி ஆக்கர் போடவேண்டும். அரை நிமிஷம் சுற்றினால் போதும், அடி விழவேண்டும்.

தாத்தா சொன்ன காசிங் மலாய்க்காரர்களின் பம்பரம். அதில் கிளந்தானின் காசிங் ஊரிக்குப் பொறுமைதான் ஆட்டம். சாப்பாட்டுத் தட்டு அகலம், ஐந்து கிலோவுக்கு மேல் எடை. சுழற்றி எறிந்ததும் மட்டையால் ஏந்தி ஒரு கம்பத்தின் தலையில் வைத்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலும் சுற்றும். ரகசியம் விளிம்பில் இருக்கிறது: மரத்தைச் சுற்றி ஈயப்பட்டை. அச்சிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி வைத்த எடை, அதே சுழல் வேகத்தில் நான்கு மடங்கு கோண உந்தத்தைச் சேர்த்து வைக்கும். வெளியிலிருந்து முறுக்கு வராதவரை அந்த உந்தம் குறையாது. முனையின் உராய்வும் காற்றும்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. ஈயம் பூட்டிய கைக்கு இந்தச் சூத்திரம் தேவைப்படவில்லை.

என் மாணவர்களுக்கு அது தேவைப்பட்டது; நான் கிள்ளானில் பௌதிகம் நடத்தினேன். பனிச்சறுக்குக்காரி கையை மடக்கினால் வேகமாகச் சுழல்வாள் என்று பாடப்புத்தகம் சொன்னது. எங்கள் பிள்ளைகள் கண்ட பனியெல்லாம் ஐஸ் கச்சாங்தான். அதனால் சுழல்நாற்காலியில் நானே உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் எடைக்கல்லை நீட்டி, ஒரு பையனைச் சுற்றிவிடச் சொன்னேன். கல்லை நெஞ்சோடு இழுத்தேன். வேகம் எகிறியது, தலை சுற்றியது, தரையில் கிடந்தேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அந்தப் பாடத்தை மட்டும் யாரும் மறக்கவில்லை.

2012இல் வந்த புதுக் காசில் பம்பரம் இல்லை. ஆனால் பழையது இன்னும் செல்லும். உண்டியலில் ஒன்று கிடந்தால் எடுத்து மேசையில் சுண்டிவிட்டுப் பாருங்கள், காசே பம்பரமாகும்.