திசையுடைய கோடு

வடிவகணிதத்தில் மாணவரைத் திகைக்கச் செய்வது பெரும்பாலும் தேற்றம் அன்று, துணைக்கோடு. எந்தப் புள்ளியை எந்தப் புள்ளியோடு இணைத்தால் வழி பிறக்கும் என்பதற்குப் பொதுவிதி கிடையாது. கோடு தோன்றியவருக்குக் கணக்கு எளிது. தோன்றாதவருக்கோ இரவெல்லாம் விழித்தாலும் அரிது. இவ்விடரைக் குறைக்க வந்த கருவிகளுள் ஒன்றே வெக்டர். அளவோடு திசையும் உடைய கணியத்திற்கு அப்பெயர் வழங்குகிறது.

திருப்பூர் வட்டாரத்துக் குன்னத்தூரில் வளரும் மாணவருக்கு நூலும் துணியும் புதியன அல்ல. பாவும் ஊடையுமாக நெய்த துணி ஒன்றை மேசைமேல் விரிப்போம். அதன் ஒரு மூலையிலிருந்து எந்தப் புள்ளிக்கும், பாவின் திசையில் இவ்வளவு, ஊடையின் திசையில் இவ்வளவு என்று இரண்டு எண்களால் வழி சொல்லிவிடலாம். வெக்டர் முறையின் அடிப்படை இதுவே. தொடக்கப் புள்ளி ஒன்று, திசைகள் இரண்டு, எஞ்சியவை கூட்டலும் பெருக்கலுமே.

முக்கோணம் ஒன்றின் முனைகள் அ, ஆ, இ ஆகுக. தொடக்கப் புள்ளியிலிருந்து அவற்றிற்குச் செல்லும் வெக்டர்களையும் அவ்வெழுத்துகளாலேயே குறிப்போம். ஆ, இ இவற்றின் நடுப்புள்ளி (ஆ + இ)/2. அ என்னும் முனையிலிருந்து அந்நடுப்புள்ளியை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரம் சென்றால், நாம் அடையும் இடம் (அ + ஆ + இ)/3. இவ்விடையில் மூன்று எழுத்துகளும் சமநிலையில் நிற்கின்றன. ஆதலின் எம்முனையிலிருந்து புறப்பட்டாலும் இதே இடத்திற்கு வந்து சேர்வோம். மூன்று நடுக்கோடுகளும் ஒரு புள்ளியில் சந்திக்கும் என்பது துணைக்கோடு இன்றியே நிறுவப்பட்டது.

இனி, அத்துணியை மூலையில் பிடித்துச் சாய்வாக இழுப்போம். அதில் வரைந்த முக்கோணம் உருமாறும். ஆயினும் நடுப்புள்ளி நடுப்புள்ளியாகவே இருக்கும். செங்கோணமோ குலைந்துவிடும். எனவே செங்குத்தைப் பற்றிய கணக்குகளுக்கு வேறொரு கருவி வேண்டும். அதுவே புள்ளிப் பெருக்கம். ஒன்றுக்கொன்று செங்குத்தான வெக்டர்களின் புள்ளிப் பெருக்கம் 0. முக்கோணத்தின் முனைகள் இரண்டிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்கு வரைந்த செங்குத்துக்கோடுகள் வெட்டும் இடத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டால், அ·(இ − ஆ) = 0; ஆ·(அ − இ) = 0. இரண்டையும் கூட்டினால் இ·(அ − ஆ) = 0. மூன்றாவது செங்குத்துக்கோடும் அவ்விடத்தின் வழியே செல்கிறது!

இத்துணை எளிய முறை எளிதில் பிறந்துவிடவில்லை. அயர்லாந்தின் ஹாமில்டன் 1843 அக்டோபர் 16ஆம் நாள் டப்ளின் நகரில் கால்வாய் ஓரமாக நடக்கையில் குவாட்டர்னியன் என்னும் நான்கு கூறுடைய எண்ணைக் கண்டார். வெக்டர் என்னும் பெயரை இப்பொருளில் வழங்கியவரும் அவரே. அடுத்த ஆண்டில், ஸ்டெட்டின் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹெர்மன் கிராஸ்மன், இத்துறைக்கு அடித்தளமான நூலொன்றை வெளியிட்டார். பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றது சமயமும் மொழிகளும். கணிதத்தைத் தாமே கற்றவர். அந்நூலைப் படிப்பார் இல்லை. விற்காது கிடந்த ஏறத்தாழ 600 படிகள் 1864இல் கழிவுத்தாளாயின. அவர் விரும்பிய பல்கலைக்கழகப் பதவியும் கிட்டவில்லை. அவரோ வடமொழி ஆராய்ச்சியில் ஆழ்ந்து, ரிக்வேதத்திற்கு அகராதியும் செருமானிய மொழிபெயர்ப்பும் இயற்றினார். 1877இல் மறைந்தார்.

பின்னர் அமெரிக்காவின் கிப்ஸ், யேல் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்க்காக 1881, 1884 ஆகிய ஆண்டுகளில் அச்சிட்ட குறிப்புகளில் வெக்டர் கணிதத்திற்கு இன்றைய வடிவம் தந்தார். கிராஸ்மனின் பெருமையை உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

மாணவ நண்பர்களே, இன்று வெக்டர் இயற்கணிதம் நம் மேல்நிலை வகுப்புப் பாடநூலிலேயே இடம் பெற்றிருக்கிறது. கடினமான கணக்கு எதிர்ப்படும்போது கோடு வரைய விரையாதீர்கள். தொடக்கப் புள்ளியை எங்கே வைப்பது, எவ்விரு திசைகளைத் தெரிந்துகொள்வது, கணக்கு கேட்பது நடுப்புள்ளியையா, செங்கோணத்தையா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அவ்வாறு எண்ணத் தொடங்கிய அன்றே, ஸ்டெட்டின் நகரத்து ஆசிரியர் எழுதி எவரும் படியாது போன அந்த நூலின் பயன் உங்கள் கைக்கு வந்துவிடும்.