ஒரு சிறுமியின் கல்லறையருகே



1935-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் நகரில், புதிதாகக் குருப்பட்டம் பெற்றிருந்த சாட் வாரா என்னும் 23 வயது உதவி ஆயர், தமது ஊழியத்தின் முதல் அடக்க ஆராதனையை நடத்தச் சென்றார். பெட்டிக்குள் கிடந்தவள் 14 வயதுச் சிறுமி. அவளுக்கு மாதவிடாய் தொடங்கியபோது அது இன்னதென்று சொல்லித் தந்தவர் ஒருவருமில்லை. வெட்கத்துக்குரிய ஏதோ கொடிய நோய் தன்னைப் பற்றிக்கொண்டதென்று எண்ணினாள். எவரிடமும் கேட்கத் துணியாமல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள்.

அவளைத் திருநிலைப்படுத்தப்படாத மண்ணில் அடக்கம் செய்தார்கள். தன்னுயிரை மாய்த்துக்கொண்டோருக்கு அடக்க ஆராதனை முறைமையைப் பயன்படுத்தலாகாது என்று 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது ஜெபப்புத்தகம் விதித்திருந்தது. அந்தப் புத்தகம் நமக்கு அந்நியமானதன்று. திருநெல்வேலிச் சீமையில் நம் முன்னோர் தமிழில் வாசித்து வளர்ந்ததும் அதே மரபுதான். தேசத்தின் சட்டமோ இன்னும் கடுமையாக இருந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளி என்றே இங்கிலாந்து 1961 வரை கருதிவந்தது. உயிரோடிருந்தால் சிறைச்சாலை, இறந்தால் சுவருக்குப் புறம்பே ஒரு குழி. இந்நிலையில் உள்ளம் சோர்ந்த ஒரு பிள்ளை யாரிடம் வாய் திறக்கும்?

இளம் ஆயர் அந்தக் கல்லறையருகே ஒரு பொருத்தனை செய்துகொண்டார். அறியாமையினால் இனி ஒரு பிள்ளையும் இவ்வாறு மடியாதிருக்கத் தம்மால் ஆனதைச் செய்வது என்பதே அது. தம் சபையின் வாலிபருக்கு உடலைப் பற்றியும் உள்ளத்தைப் பற்றியும் வெளிப்படையாகக் கற்பிக்கலானார். அதற்காக ஏச்சும் பேச்சும் கேட்டார். (இன்று நம் சபையில் அவ்வாறு ஒருவர் கற்பித்தாலும் மூப்பர் கூட்டத்தில் முறையீடு வரும் என்பதை நாம் அறிவோம்.) ஆண்டுகள் சென்றபின், லண்டன் மாநகரில் நாளொன்றுக்கு மூவர் தற்கொலை செய்துகொள்வதாக அறிந்தார். தீப்பற்றினால் அழைக்க ஓர் எண் இருக்கிறது, சாவதற்கு மனம் துணிந்தவனுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அவரை விடவில்லை.

1953-ஆம் ஆண்டு லண்டனின் புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயம் அவர் பொறுப்பில் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் அங்கே ஒரு தொலைபேசி மணி ஒலித்தது. "நல்ல சமாரியர்" என்று ஒரு செய்தித்தாள் அப்பணிக்குப் பெயர் சூட்ட, அதுவே நிலைத்தது.

வாரா தாமே எல்லாருக்கும் ஆலோசனை சொல்ல எண்ணியிருந்தார். கூட்டம் பெருகவே, வந்தவர்கள் காத்திருக்க நேர்ந்தது. அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அருகில் அமரச் சாதாரணத் தொண்டர்கள் சிலர் முன்வந்தனர். அவர்கள் மனநல மருத்துவம் கற்றவர்களல்லர், தேவசாஸ்திரமும் அறியாதவர்கள். ஆனால் அவர்களிடம் மனந்திறந்து பேசியவர்களில் பலர், ஆயரைக் காணவேண்டிய தேவையே இல்லாமல் ஆறுதலோடு திரும்பிச் சென்றனர். மெய்யாகவே மருத்துவ உதவி வேண்டியவர்களை மட்டும் தேர்ந்த கரங்களிடம் சேர்த்தனர். சில மாதங்களில், 1954 பிப்ரவரியில், வாரா அந்தத் தொலைபேசியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். குருவானவர் ஒருவர் தம் உபதேசத்தைவிடப் பிறருடைய செவி அதிகம் பயன்படுகிறது என்று கண்டு விலகி நின்றார். இதுவே அவருடைய வாழ்வின் மிகப் பெரிய செயல் என்பது என் எண்ணம்.

என் ஊழியத்தின் தொடக்கத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். உறக்கமில்லை, எதிலும் விருப்பமில்லை என்றான். நான் மூன்று வசனங்களைக் குறித்துக் கொடுத்து, தலையில் கைவைத்து ஜெபித்து, பத்து நிமிடத்தில் அனுப்பிவைத்தேன். அவன் மறுபடி வரவில்லை. படிப்பை விட்டுவிட்டான் என்று பின்பு கேள்விப்பட்டேன்.

சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டுமென்று மன்றாடிய எலியாவைக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. முதலில் உறங்கவிட்டார். தூதனைக் கொண்டு அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் உறங்கவிட்டார். நானோ அந்த மாணவன் சாப்பிட்டானா என்றுகூடக் கேட்கவில்லை.

மனச்சோர்வு ஒரு நோய். அது விசுவாசக் குறைவோ சோம்பலோ அன்று. இளம் வயதினரிடம் அது எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிச்சல், தனிமை, மதிப்பெண் சரிவு, உறக்கத்திலும் உணவிலும் மாற்றம், முன்பு விரும்பியதில் வெறுப்பு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. மருந்து தந்தால் அதை உபவாச ஜெபத்தின் பெயரால் நிறுத்தவேண்டாம்.

லண்டனில் தொடங்கிய பணி நம் கரைகளையும் எட்டிற்று. 1974-இல் ஜோன் டி மெல் அம்மையார் இலங்கையில் சுமித்ரயோவைத் தொடங்கினார். 1986-இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சிநேகா அமைப்பை நிறுவினார். தேர்வில் தோற்ற மாணவர் ஓராண்டு காத்திராமல் விரைவில் மறுதேர்வு எழுதும் வழி தமிழ்நாட்டில் பிறந்ததற்குச் சிநேகாவின் முயற்சியும் ஒரு காரணம். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனையன்று, பராமரிப்பே தரவேண்டும் என்கிறது.

வால்புரூக் ஆலயத்தில் ஒரு பழைய தொலைபேசி கண்ணாடிப் பேழைக்குள் காக்கப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பேசக்கூடிய ஓர் எண் உண்டு: டெலி-மானஸ், 14416. இரவும் பகலும், கட்டணமின்றி. வரும் ஞாயிறு வாலிபர் கூடுகையில் இந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டவிருக்கிறோம். ஆராதனைக்குப்பின் தேநீருடன் நானும் அங்கே இருப்பேன்.