பெட்டியடிப் பையனும் பேங்க் இன்டர்ன்ஷிப்பும்

ஏப்ரல் பொறந்தா போதும், காலேஜ் படிக்கற பசங்க இருக்கற வீட்ல எல்லாம் இதே பேச்சுதான். ரெண்டு மாசம் ஏதாவது பேங்குல போய் உக்காந்துட்டு, சர்ட்டிபிகேட்டோட வரணும். இன்டர்ன்ஷிப்! "என்னடா கத்துக்கிட்ட?"ன்னு கேட்டா பாதிப்பேர் சொல்ற பதில், "நல்லா ஆணி புடுங்கினேன் மாமா" :-)

இது ஏதோ வெள்ளைக்காரன் பிசினஸ் ஸ்கூல்ல இருந்து வந்த சமாச்சாரம்னு நினைக்கறவங்க நிறைய பேர். அப்படி இல்லீங்க. சின்னப் பையனை வட்டிக்கடையில உக்கார வெச்சு, கணக்கும் மனுஷங்களையும் சேர்த்துக் கத்துக்குடுக்கற ஏற்பாடு நம்மகிட்ட நூறு நூத்தம்பது வருஷம் முன்னாடியே இருந்துச்சு. அந்தப் பையனுக்கு ஒரு பேரும் உண்டு: பெட்டியடிப் பையன்.

செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலேயா, சிலோன், சைகோன்னு கடை போட்ட கதை நமக்குத் தெரிஞ்சதுதான். 1852ல கீழ்ப் பர்மா இங்கிலீஷ்காரன் கைக்குப் போச்சு, 1869ல சூயஸ் கால்வாய் திறந்தாச்சு. பர்மா அரிசிக்கு உலகம் பூரா கிராக்கி. காட்டை அழிச்சு நெல்லு போட விவசாயிக்குப் பணம் வேணும். வெள்ளைக்கார பேங்குகள் வயக்காட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. அந்த இடத்துல போய் உக்காந்தவங்கதான் செட்டியார்கள். 1929-30ல பர்மாவுல நடந்த வங்கி விசாரணைக் குழு கணக்குப்படி அங்க சுமார் 1,650 செட்டியார் கடைகள். போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி!

இத்தனை கடைக்கும் ஆள் எங்க இருந்து வந்துச்சு? அங்கதான் நம்ம பையன் வர்றான். ஊர்ல பத்துப் பன்னிரண்டு வயசுலயே எண்சுவடி மனப்பாடம். முந்திரின்னா 320ல ஒண்ணு, காணின்னா 80ல ஒண்ணு, மாகாணின்னா 16ல ஒண்ணு. ரூபாய்க்கு 16 அணா, அதனால ஒரு அணாங்கறது ஒரு மாகாணி. நூறு ரூபாய்க்கு மாசம் 12 அணா வட்டின்னா வருஷத்துக்கு எத்தனை சதவீதம்? கால்குலேட்டரைத் தேடாம சொல்லுங்க பார்ப்போம். (9 சதவீதம்.) இதெல்லாம் அந்தப் பசங்களுக்கு விரல் நுனி.

அப்புறம் கப்பல். கிட்டங்கின்னு நீளமான ஒரு கட்டடம். அதுக்குள்ள வரிசையா பல கடைகள். கடைன்னா பெரிசா ஒண்ணும் இல்ல, ஒரு மரப்பெட்டி, அதுக்கு முன்னாடி தரையில பாய். அந்தப் பெட்டியடியிலதான் நம்ம பையனுக்கு வேலை. கூட்டறது, கடிதாசி கொண்டு போறது, வசூலுக்குப் பெரியவங்க கூட நடக்கறது, ராத்திரி பேரேட்டுல பதியறதைப் பார்க்கறது. கொஞ்ச வருஷம் போனா அடுத்தாள். அதுக்கு மேல மேலாள், அதாவது ஏஜெண்டு. ஏஜெண்டுக்கு மூணு வருஷம்தான் கெடு. முடிஞ்சதும் ஐந்தொகை எடுத்து முதலாளிகிட்ட ஒப்படைச்சுட்டு ஊருக்கு வரணும். சொந்தமா கடை போட்டு முதலாளி ஆனவங்களும் உண்டு.

ரங்கூன்ல செட்டியார்கள் மாசத்துக்கு ஒரு தடவை கோயில்ல கூடி 'நடப்பு வட்டி'யை முடிவு பண்ணுவாங்க. இன்னிக்கு ரிசர்வ் வங்கி கமிட்டி உக்காந்து ரெப்போ ரேட் சொல்லுதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

ப.சிங்காரம் இந்த உலகத்துல இருந்து வந்தவர்தான். சிங்கம்புணரிக்காரர், 1938ல மேடான் நகரத்துக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். அவரோட 'கடலுக்கு அப்பால்' நாவல்ல, பட்டாளத்துல சேர்ந்து துப்பாக்கி புடிச்சுட்டு வந்தவன் இனி வட்டித்தொழிலுக்கு ஆக மாட்டான்னு முதலாளி தன் பொண்ணைக் குடுக்க மறுத்துடுவார். அந்தத் தொழில்ல கணக்கோட சேர்த்து குணத்தையும் எடை போட்டாங்க. பையனுக்கும் அதேதான் பாடம். கடன் கேட்டு வர்றவன் பேச்சு எப்படி, நிலம் எப்படி, போன வருஷம் மகசூல் எப்படி, எல்லாம் நேர்ல போய்ப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும்.

ஆஹா, எவ்வளவு அருமையான பயிற்சின்னு இதோட முடிச்சுட்டா அது பாதிக் கதைதான்.

1930 வாக்குல உலகம் பூரா மந்தம் வந்துச்சு. நெல்லு விலை பாதாளத்துக்குப் போச்சு. பர்மா விவசாயியால வட்டியும் கட்ட முடியல, அசலும் கட்ட முடியல. அடமானம் வெச்ச நிலம் செட்டியார் கைக்கு வந்துச்சு. கீழ்ப் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் 1930ல சுமார் 6 சதவீதம், 1938ல சுமார் 25 சதவீதம். அவங்க நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகல, அவங்களுக்கு வேண்டியது பணமா திரும்பி வர்றதுதான். ஆனா நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் புரியுமா? வெறுப்பு வளர்ந்துச்சு. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடி வந்தாங்க. 1948ல பர்மா அரசாங்கமே நிலத்தைத் தேசியமயமாக்கிச் சட்டம் போட்டுச்சு. மகசூல் பொய்க்கும்போது கடன்காரன் குடும்பம் என்ன ஆகும்ங்கற பாடம் மட்டும் பெட்டியடியில இல்லாமப் போச்சு. அந்த ஒரு பாடத்துக்குக் குடுத்த விலை ரொம்பப் பெரிசு.

இன்னொண்ணு, அந்தப் பெட்டியடி எல்லாருக்கும் திறந்த கதவு இல்ல. சொந்தம், ஊரு, சாதி பார்த்துத்தான் ஆள் எடுத்தாங்க. பொண்ணுங்களுக்கு இடமே கிடையாது.

இதுக்கு நடுவுல மெட்ராஸ்ல வேற கதை. 1906 அக்டோபர்ல அர்பத்நாட் கம்பெனி திவால். வெள்ளைக்காரக் கம்பெனின்னு நம்பிப் போட்ட ஆயிரக்கணக்கான பேர் பணம் போச்சு. அந்தச் சூட்டுல வி.கிருஷ்ணசாமி அய்யர் முன்னாடி நின்னு, 1907ல இந்தியன் பேங்க் ஆரம்பிச்சாங்க. 1937ல எம்.சி.டி.எம்.சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பேங்கை ஆரம்பிச்சார். காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன் மூணு இடத்துலயும் ஒரே நாள்ல கடை திறப்பு. பாயில இருந்த பெட்டி மேஜைக்கு ஏறினது இப்படித்தான். 1969 ஜூலை 19ல 14 பேங்குகள் தேசியமயம். அப்புறம் கிராமத்துக் கிளைகள், பரீட்சை எழுதி வேலை. தறிக்காரர் பொண்ணு பேங்க் ஆபீசரா உக்காரலாம்னு ஆனது இந்தப் பரீட்சையாலதான். இதைக் குறைச்சுப் பேச எனக்கு மனசு வராது.

ஆனா, கதவு திறந்தப்ப இன்னொண்ணு வெளிய போயிடுச்சோன்னு தோணுது. எங்க அக்கா பையன் ஒரு கிளையில ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப் பண்ணான். முதல் அஞ்சு வாரம் ஆதார், பான் ஜெராக்ஸ் அடுக்கினதுதான். ஆறாவது வாரம் ஒரு தறிக்காரர் 50,000 ரூபாய் முத்ரா கடன் கேட்டு வந்தார். (முத்ரா 2015ல வந்த திட்டம். சிசு பிரிவுல 50,000 வரைக்கும் ஈடு வேண்டாம்.) மேனேஜர் பையனைப் பார்த்து, "தம்பி, நீ நம்ம ஊர்ப் பக்கம்தானே, போய்ப் பார்த்துட்டு வா"ன்னு அனுப்பிட்டார்.

வெம்பாக்கம், ஆரணிப் பக்கம் பொறந்தவன் தறிச் சத்தம் கேக்காம வளர்ந்திருக்க முடியாது. ஆனா கடன் குடுக்கறவன் கண்ணால அவன் தறியைப் பார்த்தது அன்னிக்குத்தான். பாரத்துல 'சொத்து விவரம்'னு ஒரு கட்டம். தறி அவரோடது. தறியில ஏறியிருக்கற பாவு முதலாளியோடது. பட்டும் ஜரிகையும் முதலாளியோடது. நெஞ்சு முடிக்கற சேலையும் முதலாளிக்குத்தான் போகும். அவருக்குன்னு வர்றது கூலி மட்டும். "அப்ப இதுல உங்களோடது என்னங்க ஐயா?"ன்னு கேட்டிருக்கான். அவர் கையை நீட்டிக் காட்டினாராம். "இதுதான் தம்பி."

மூணு சேலைக்கான பாவு எத்தனை நாள்ல முடியுது, அடுத்த பாவு வர்ற வரைக்கும் எத்தனை நாள் தறி சும்மா கிடக்கு, மழை நாள்ல குழித்தறிக்குள்ள தண்ணி ஊறினா என்ன ஆகும், அந்த நாள்ல தவணை எப்படிக் கட்டுவார். இதெல்லாம் விசாரிச்சு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தான். பாரத்துல இதுக்கெல்லாம் கட்டமே கிடையாது. மேனேஜர் அந்தப் பக்கத்தை ரெண்டு தடவை படிச்சுட்டு, தவணையை மாசாமாசம் ஒரே மாதிரி வெக்காம, பாவு முடியற கணக்குக்கு ஒத்து வர்ற மாதிரி வெச்சுக் கடனைக் குடுத்தார். பெட்டியடியில இருந்த பாடமும், அங்க இல்லாமப் போன பாடமும் அந்த ஒரு பக்கத்துல சேர்ந்து இருக்குன்னு நான் சொல்வேன்.

எல்லா இடத்துலயும் இது அதிர்ஷ்டத்தை நம்பி நடக்கறதும் இல்ல. நபார்டு நடத்தற மாணவர் பயிற்சியில கிராமத்துக்குப் போய் ஆய்வு பண்றதே வேலையோட ஒரு பகுதி. கிளைகள்லயும் அதைச் செய்யலாம், பெருசா செலவு ஒண்ணும் ஆகாது.

அதனால இந்தக் கோடையில பேங்குக்குப் போற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. ஜெராக்ஸ் அடுக்கறது இருக்கட்டும், அதையும் செய்யுங்க. ஆனா மேனேஜர்கிட்ட வாயைத் திறந்து கேட்டு, கடன் வாங்கினவங்க நாலு பேர் வீட்டுக்காவது போயிட்டு வாங்க. கடன் எப்படித் திரும்பி வரும்னு மட்டும் கேக்காதீங்க. வரலைன்னா அந்த வீட்ல அடுத்த மாசம் என்ன நடக்கும்னும் கேளுங்க.

உங்க வீட்லயோ சொந்தத்துலயோ பெட்டியடியில உக்காந்த தாத்தா யாராவது இருந்தா, அவர் என்ன கத்துக்கிட்டார்னு எழுதுங்க மக்களே. அந்தத் தலைமுறை கிட்டத்தட்ட முடிஞ்சு போச்சு. பழைய பேரேடுகள் எல்லாம் கரையானுக்குப் போறதுக்கு முன்னாடி நாலு வரியாவது பதிஞ்சு வெச்சுடுவோம்.