இணையத்துக்கு வேலி போட்ட கதை

"இன்டர்நெட்டுக்கு ஏதுங்க எல்லை?" என்று நாமெல்லாம் ஒரு காலத்தில் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைப்பு கொடுத்த நாளிலிருந்து அந்த நினைப்பு. ஆனால் அடுத்த வருடமே வேலிக்குக் கால் நட்டாயிற்று.

1996 பிப்ரவரி 8. ஜான் பெர்ரி பார்லோ என்ற அமெரிக்கர் (பாட்டெழுதுபவர், மாட்டுப்பண்ணையும் நடத்தியவர்!) டாவோஸிலிருந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். இணையவெளியில் எந்த அரசாங்கத்துக்கும் அதிகாரம் கிடையாது என்பது அதன் சாரம். உலகமே அதைப் படித்தது. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, பிப்ரவரி 1 அன்று, சீன அரசு ஓர் உத்தரவு போட்டிருந்தது. வெளிநாட்டோடு இணையும் எந்தக் கணினி வலையும் அரசு தரும் வழியாகத்தான் போக வேண்டும். இதை அப்போது யார் கவனித்தார்கள்?

எங்கள் தொழிலில் இது சுலபமாகப் புரியும். கிளையில் எத்தனை கவுண்டர் வேண்டுமானாலும் இருக்கலாம், பெட்டக அறைக்கு வாசல் ஒன்றுதான் :-) சீனாவுக்கும் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சௌ என்று சில வாசல்கள்தான். அங்கே வடிகட்டியை வைத்தால் போதும். 2009ல் யூடியூப், ஃபேஸ்புக், ட்விட்டர் அடைபட்டன. 2010 மார்ச்சில் கூகுள் தன் தேடலை ஹாங்காங்குக்கு மாற்றிக்கொண்டது. 2011ல் வந்த வீசாட் வேலிக்குள்ளேயே ஆலமரமாக வளர்ந்தது. 2017ல் வாட்ஸ்அப்பும் அங்கே போயிற்று.

நாம் மட்டும் சும்மா இருந்தோமா? 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, பணப் பரிமாற்றத் தகவல்களை இந்தியாவில் மட்டுமே சேமிக்க வேண்டும் என்றது. அது சரியென்றே நான் சொல்வேன். கணக்குப் புத்தகம் தணிக்கை செய்பவர் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

2020 ஜூன் 29 சமாச்சாரம் வேறு. கல்வானில் 20 வீரர்களை இழந்த இரண்டே வாரத்தில் 59 செயலிகளுக்குத் தடை. எல்லோரும் டிக்டாக்கைப் பற்றியே பேசினார்கள். அந்தப் பட்டியலில் வீசாட்டும் இருந்தது.

நான் இருப்பது கொல்கத்தாவில். இங்கே டாங்ரா பக்கம் தலைமுறைகளாக வாழும் சீனக் குடும்பங்கள் உண்டு. தோல் பதனிடும் தொழிலில் இருந்த ஹக்கா மக்கள். எங்கள் கிளைக்கு டெபாசிட் புதுப்பிக்க வரும் பெரியவர் ஒருவர், என்னைவிட அழகாக வங்காளம் பேசுவார். அவருடைய அக்கா குவாங்டோங்கில். அக்காவுக்கு அங்கே வாட்ஸ்அப் கிடையாது, தம்பிக்கு இங்கே வீசாட் கிடையாது. இரண்டு அரசுக்கும் அவரவர் நியாயம் இருக்கலாம். தினமும் ராத்திரி வீடியோவில் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிற நமக்கு, இது என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது ஐ.எஸ்.டி. போட்டுப் பேசுகிறாராம். அக்காவுக்குக் காது மந்தம். ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறார்கள்.