வீடற்றவருக்கு முதல் வரிசை: பிரான்சில் ஒரு சட்டம் பிறந்த கதை

நம் புதுவையில் சொல்தா குடும்பங்கள் பலவற்றில் 'அஷ்.எல்.எம்.' என்ற சொல் இன்றும் புழங்குகிறது. "பையன் பாரீசில் அஷ்.எல்.எம். வீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான், இன்னும் வரவில்லை" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அரசு உதவியோடு கட்டி, மிதமான வாடகைக்கு விடும் வீடுகள் அவை. அந்த வீடு முதலில் யாருக்கு என்ற கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

மலிவு வீடுகளுக்கான சீக்ஃப்ரீத் சட்டம் 1894-ல் வந்தது. அஷ்.எல்.எம். என்ற பெயர் 1950-ல் வந்தது. இரண்டுமே பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்கும் தொழிலாளியை மனதில் வைத்தவை. தெருவில் கிடப்பவன் அந்தக் கணக்கில் இல்லை.

1954-ஆம் ஆண்டுக் குளிர் இதை உடைத்தது. அவசர வீடுகளுக்காக 100 கோடி பிராங்க் கேட்ட தீர்மானத்தை மேலவை தள்ளிய சமயத்தில், பழைய பேருந்து ஒன்றில் குடியிருந்த குடும்பத்தின் கைக்குழந்தை குளிரில் இறந்தது. எம்மாவுஸ் இயக்கத்தைத் தொடங்கிய பாதிரியார் ஆபே பியேர், வீட்டு வசதி அமைச்சர் லெமேருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். குழந்தையின் இறுதி ஊர்வலத்தில் அமைச்சரே நடந்து வந்தார். பிப்ரவரி 1-ஆம் தேதி ஆபே பியேர் ரேடியோ லக்சம்பர்க்கில் பேசினார். செபஸ்தொபோல் சாலை நடைபாதையில் ஒரு பெண் உறைந்து இறந்ததையும், வீட்டைக் காலி செய்யச் சொன்ன தாள் அவள் கையில் இருந்ததையும் சொன்னார். கம்பளிகளும் அடுப்புகளும் பணமும் வந்து குவிந்தன. சார்லி சாப்ளின் 20 லட்சம் பிராங்க் கொடுத்தார். சில நாட்களிலேயே நாடாளுமன்றம் 1,000 கோடி பிராங்க் ஒதுக்கியது. 1956 டிசம்பரில், குளிர்காலத்தில் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடாது என்ற சட்டமும் வந்தது.

வீடுகள் எழும்பின. ஆனால் மிக ஏழையின் கைக்குச் சாவி எளிதில் வரவில்லை. வாடகை தவறாமல் வருமா என்று பார்ப்பது வீடு விடுபவரின் வழக்கம். அப்படிப் பார்த்தால், யாருக்கு வீடு மிக அவசரமோ அவரே நம்பிக்கை குறைந்தவராகத் தெரிவார். 1990-ல் பெசோன் சட்டம் வீட்டுரிமையை உறுதி செய்வது நாட்டின் கடமை என்றது. நல்ல வாக்கியம்தான். கொடுக்காவிட்டால் யாரைக் கேட்பது என்பதற்கு அதில் வழியில்லை. குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதில் சொல்ல வேண்டியவர் இன்னார் என்று இல்லாத கோப்பு, 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு வரியோடு ஆண்டுக்கணக்கில் தூங்கும்.

2006 டிசம்பரில் 'டான் கிஹோத்தேயின் பிள்ளைகள்' என்ற அமைப்பினர் பாரீசின் சேன் மர்த்தேன் கால்வாய்க் கரையில் கூடாரங்களை வரிசையாக அடித்தார்கள். வீடு உள்ளவர்களையும் ஒரு இரவு வந்து படுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஆண்டின் கடைசி நாளில் குடியரசுத் தலைவர் ஷிராக் புதிய உரிமை ஒன்றை ஏற்படுத்துமாறு அரசைக் கேட்டார். 2007 மார்ச் 5-ல் சட்டம் பிறந்தது. ஆபே பியேர் அதைப் பார்க்கவில்லை. ஜனவரி 22-ல், 94 வயதில், இறந்துவிட்டார்.

சட்டத்தின் உயிர் 'ஒப்போசாப்ள்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. எதிராளியின் முன் வைத்து வழக்காடக்கூடியது என்று பொருள் சொல்லலாம். இங்கே எதிராளி அரசுதான். வீடற்றவர், வெளியேற்றப்பட இருப்பவர், தற்காலிக விடுதியில் இருப்பவர், ஆபத்தான கட்டடத்தில் வாழ்பவர், பிள்ளைகளோடு நெருக்கடியான இடத்தில் இருப்பவர், அளவுக்கு மீறிக் காத்திருப்பவர் ஆகியோர் மாவட்டக் குழுவிடம் மனுச் செய்யலாம். குழு ஏற்றுக்கொண்டால் பிரேஃபே குறித்த காலத்துக்குள் வீடு தரவேண்டும். பாரீசில் 6 மாதம். தராவிட்டால் நிர்வாக நீதிமன்றம் போகலாம். நீதிமன்றம் அரசுக்குத் தண்டத் தொகை விதிக்கும்.

வரிசையில் பல ஆண்டு நின்றவனைத் தாண்டி இன்னொருவனுக்குக் கொடுப்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நெடுங்காலம் காத்திருப்பவரையும் சட்டம் சேர்த்திருப்பது ஓரளவு பதில். உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. தண்டத் தொகை குடும்பத்துக்குப் போகாமல் அரசு நிதி ஒன்றுக்கே போகிறது; ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போடுவது போல. தீர்ப்புக் கிடைத்தும் வீடு கிடைக்காத ஒரு வழக்கில், 2015-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரான்சைக் கண்டித்தது. முன்னுரிமை வரிசையை மாற்றும், வீட்டைக் கட்டாது. நகராட்சிகள் குறித்த விகிதத்தில் சமூக வீடுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சில பணக்கார ஊர்கள் அபராதம் கட்டிவிட்டுச் சும்மா இருக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். 2024-ல் ஆபே பியேர் மீது பல பெண்கள் பாலியல் குற்றச்சாட்டு வைத்தது வெளியே வந்தது. அவர் பெயர் தாங்கிய அறக்கட்டளையே பெயரை மாற்றிக்கொண்டது. அவரை வணங்கிப் படித்த என் தலைமுறைக்கு அது கசப்பான செய்தி. அந்தப் பெண்கள் சொன்னதைக் கேட்காமல் அவர் கதையை இனிச் சொல்ல முடியாது. ஆனால் 2007 சட்டம் யாருடைய கருணையையும் நம்பி எழுதப்படவில்லை. பாதிரியாரின் வானொலிக் குரல் இல்லாமலேயே, கையில் ஒரு மனுவோடு, வீடில்லாத பெண் ஒருத்தி அரசின் மேல் வழக்குப் போட முடிகிறது. காலதாமதம், பற்றாக்குறை எல்லாம் இருந்தும், எனக்கு அதுவே பெரிய மாற்றமாகப் படுகிறது.