உற்பத்தியாளர் மறைந்த பின் ஊர்தி: தென்சென்னைப் புறநகரில் மகிழுந்து மாற்றியமைப்பும் பழைய உதிரிப்பாக வணிகமும்

ஆய்வுச்சுருக்கம்

மகிழுந்தை மாற்றியமைத்தல் வசதி படைத்த இளைஞரின் அண்மைக்காலப் பொழுதுபோக்கு என்ற கருத்து பரவலாக உள்ளது. வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தின் வரலாற்றையும், அதனைச் சூழ்ந்து வளர்ந்த சென்னைப் பட்டறை, பழைய உதிரிப்பாக வணிகம் ஆகியவற்றையும் முன்வைத்து இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. பழுதுபார்த்தலும் மாற்றியமைத்தலும் இப்பகுதியில் ஒரே தொழில்மரபின் இரு கூறுகளாக இருந்தன என்பதும், 2000க்குப் பிந்தைய சட்டங்கள் அவற்றைப் பிரிப்பதால் அம்மரபின் இருப்பு கேள்விக்குள்ளாகிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வண்டலூர், புதுப்பேட்டை, உதிரிப்பாகம், மோட்டார் வாகனச் சட்டம்.

முன்னுரை

வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணை, மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் செல்லும் சாலையில் இன்று பழைய மகிழுந்து விற்பனையகங்களும், ஒலிப்பெட்டி முதல் சக்கர வளையம் வரை பொருத்தித் தரும் கடைகளும் சிறு பட்டறைகளும் காணப்படுகின்றன. தகவல் தொழில்நுட்பத் துறையின் வளர்ச்சியோடு பெருகிய நுகர்வின் அடையாளமாக இவற்றைக் கருதுவது எளிது. ஆயினும் இத்தொழிலின் வேர்கள், தாம்பரத்துக்குத் தெற்கே நாற்பது ஆண்டுகள் இயங்கி மறைந்த ஒரு தொழிற்சாலையின் காலம்வரை செல்கின்றன.

வண்டலூர்த் தொழிற்சாலை

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் சென்னை ஒரு மோட்டார் நகரமாக உருவெடுத்தது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் மகிழுந்துகளையும், அடிசன் நிறுவனம் மாரிஸ் மகிழுந்துகளையும் பாகங்களாக இறக்குமதி செய்து பூட்டின. 1948இல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனமும் சென்னையின் யூனியன் கம்பெனியும் இணைந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. வண்டலூர்த் தொழிற்சாலையிலிருந்து வான்கார்டு, ஸ்டாண்டர்டு 10 முதலியன வெளிவந்தன. 1961இல் ஹெரால்டு அறிமுகமானது.

இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி உருவாக்கிய இம்மகிழுந்து, அக்காலத்தில் பரவி வந்த ஒற்றைக்கூட்டு உடலமைப்பைக் கொண்டதன்று. தனிச் சட்டகத்தின் மேல் உடலின் பகுதிகள் திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தன. முழுக்கூட்டையும் வார்த்துத் தரும் ஆலையை ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் பெற இயலாமற்போனதே இதற்கு முதன்மைக் காரணம். அயல்நாடுகளில் பாகங்களாகப் பூட்டுவதற்கும் இவ்வமைப்பு ஏற்றதாயிற்று. முன்மூடி முழுவதும் முன்னோக்கிச் சாய்வதால் எஞ்சினையும் முன்சக்கர அமைப்பையும் எளிதில் அணுகலாம். விபத்தில் நசுங்கிய ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு வேறொரு வண்டியின் பகுதியைப் பூட்டலாம். இங்கிலாந்தில் ஆலை நெருக்கடியால் விளைந்த வடிவமைப்பு, சென்னையின் சிறு பட்டறைகளுக்குத் தற்செயலாய்ப் பொருந்திய ஒன்றாயிற்று.

பற்றாக்குறையும் பட்டறையும்

1950களின் நடுப்பகுதியில் அயல்நாட்டு நிறுவனங்கள் பல வெளியேறின. இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர், ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றுமே மகிழுந்து உற்பத்தியில் முதன்மை பெற்றன. தொழில் உரிமமும் இறக்குமதிக் கட்டுப்பாடும் உற்பத்தியின் அளவை நெருக்கின. புதிய வண்டிக்கு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். எனவே ஒரு வண்டியைத் தொடர்ந்து ஓடச் செய்வதே உரிமையாளரின் முதற்கவலையாயிற்று. உரிய பாகம் கிடைக்காதபோது லேத்தில் கடைந்தோ, வேறு வண்டியின் பாகத்தைத் திருத்தியோ பொருத்தினர். இங்குப் பழுதுபார்த்தல் எங்கே முடிகிறது, மாற்றியமைத்தல் எங்கே தொடங்குகிறது என வரையறுப்பது அரிது.

பட்டறையின் கருத்து தொழிற்சாலையையும் எட்டியது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சமைப்பைக் கொண்டவை. வாங்குவோரும் மெக்கானிக்குகளும் அதனை விரும்பாத நிலையில், 1972இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு கெஸலில் ஒரே திண்ணிய அச்சு இடம்பெற்றது. ஹெரால்டின் நான்கு கதவு வடிவமும் இந்தியாவிற்கென்றே உருவானது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000, ரோவர் எஸ்டி1 உடலமைப்புக்குள் வான்கார்டு வழிவந்த பழைய எஞ்சினைக் கொண்டிருந்தது. அதாவது, தொழிற்சாலையே கிடைத்தவற்றை இணைத்து மாற்றியமைக்கும் பெரிய பட்டறையாக இயங்கியது. 1992இல் அம்பாசடருக்குள் ஜப்பானிய இசுசூ எஞ்சின் பொருத்தப்பட்டதும் இவ்வகையினதே.

இத்திறன் வேட்கையாக வெளிப்பட்ட களம் நகரின் வடக்கே இருந்தது. இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. அன்றாடச் சாலைகளில் ஓடிய ஃபியட், ஹெரால்டு வண்டிகளே எடை குறைக்கப்பட்டு, எஞ்சின் திருத்தப்பட்டு அங்கு ஓடின. கோவையின் எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினைக் கொண்டு பந்தய மகிழுந்தை வடிவமைத்ததும் இம்மரபின் நீட்சியே. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான ஓடுதளம் அமைந்தது.

புதுப்பேட்டை: சந்தையும் சொல்வழக்கும்

1977இல் கெஸல் நின்றது. 1988இல் ஸ்டாண்டர்டு 2000இன் உற்பத்தியும் முடிவுற்றது. ஆனால் வண்டிகள் சாலையில் இருந்தன. அவற்றின் பாகங்களுக்குப் புதுப்பேட்டைச் சந்தை முதன்மை ஆதாரமாயிற்று. கூவத்தை ஒட்டிய இப்பகுதியில் பயன்தீர்ந்த ஊர்திகள் பிரிக்கப்படுகின்றன. எஞ்சின், கியர்பெட்டி, கதவு, விளக்கு ஆகியவை தனித்தனியே விலைபோகின்றன. எஞ்சியது இரும்பாக எடைக்குச் செல்கிறது.

இவ்வணிகத்தின் சொல்வழக்கு ஆய்வுக்குரியது. பழைய இரும்புக் கடையைக் குறிக்கும் ‘காயலான் கடை’ என்னும் சொல், காயல்பட்டினத்து வணிகரோடு தொடர்புடையது எனப் பரவலாகக் கருதப்படுகிறது. பயன்படாத வண்டி ‘கண்டம்’. உடல்தகட்டு வேலை ‘டிங்கரிங்’. மாற்றப்பட்டது ‘ஆல்டர்’ வண்டி. இவற்றுள் மிகுந்த பொருளாழம் உடையது ‘ஒரிஜினல்’ என்பதாகும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய, தொழிற்சாலையில் உருவான பாகமே சந்தையில் ஒரிஜினல். புத்தம் புதிதாயினும் பிறர் செய்த போலி ‘டூப்ளிகேட்’. பாகம் எந்த வண்டியில் முதலில் இருந்தது என்பதை இச்சொல் கருதுவதில்லை. அதன் தரத்தையும் பிறப்பையுமே கருதுகிறது. ஆகவே ஐந்து வண்டிகளின் பாகங்கள் கொண்ட ஒரு ஹெரால்டும் சந்தையின் கண்ணில் ஒரிஜினலாக இருக்க இயலும்.

சட்டம் காட்டும் மூலவடிவம்

சட்டத்தின் நோக்கு வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தொடக்கத்தில் பதிவுச் சான்றிதழை அளவுகோலாகக் கொண்டது. பதிவு அலுவலரின் ஒப்புதலோடு ஊர்தியை மாற்றலாம். 2000ஆம் ஆண்டுத் திருத்தம், உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களை அளவுகோலாக்கியது. எரிபொருள் மாற்றம் முதலிய சிலவற்றுக்கே விலக்களித்தது. உற்பத்தியாளரின் குறிப்புக்கு மாறாக ஊர்தியை மாற்ற இயலாது என 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. இவ்விதிகளுக்குத் தக்க காரணங்கள் உண்டு. சாலைப் பாதுகாப்பும், திருட்டு ஊர்திகள் பிரித்து விற்கப்படுவதைத் தடுத்தலும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல.

எனினும் உற்பத்தியாளரே மறைந்த நிலையில் இவ்வளவுகோல் முரண்படுகிறது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, மூலவடிவில் பேணப்பட்டு, பெருமளவு புதுப்பிக்கப்படாத ஊர்தியே ‘விண்டேஜ்’ தகுதி பெறும். 1960களின் ஹெரால்டு வயதால் தகுதியுடையது. ஆனால் அது இன்றும் ஓடுவதற்குக் காரணமே அரை நூற்றாண்டாக நிகழ்ந்த புதுப்பித்தல்தான். அவ்வாண்டே வெளியான ஊர்தி அழிப்பு மைய விதிகள், பிரிக்கும் தொழிலைப் பதிவுபெற்ற மையங்களை நோக்கி நகர்த்துகின்றன. முதலீடும் இடவசதியும் அற்ற சிறு வணிகர் அம்முறைக்குள் இடம்பெறுவது எளிதன்று.

இச்சிக்கல் பழைய ஊர்திகளோடு முடிவதன்று. வண்டலூருக்குத் தெற்கே மறைமலை நகரில் 1999 முதல் ஐகான் மகிழுந்தை உருவாக்கிய ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022இல் அங்கு மகிழுந்து உற்பத்தி நின்றது. உதிரிப்பாகம் தொடர்ந்து வழங்கப்படும் என நிறுவனம் உறுதியளித்தது. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, ஹெரால்டு உரிமையாளர் சென்ற வழியே ஐகான் உரிமையாளரும் செல்லக்கூடும். இம்முறை பட்டறை எதிர்கொள்வது இரும்பை மட்டுமன்று. எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டியையும் அதன் மென்பொருளையும் ஆகும். அவற்றை லேத்தில் கடைந்துவிட இயலாது.

முடிவுரை

தென்சென்னைப் புறநகரில் மகிழுந்தை மாற்றியமைக்கும் வழக்கம் நுகர்வுப் பெருக்கத்தால் மட்டும் தோன்றியதன்று. பற்றாக்குறையும் தொழிற்சாலை மூடலும் அதனை வளர்த்தன. உற்பத்தியாளர் குறித்த மூலவடிவமும் நிலையானதாக இருக்கவில்லை. பட்டறையின் பட்டறிவு அதனுள் கலந்திருந்தது. பாதுகாப்பையும் உரிமையையும் சரிபார்க்கும் ஒப்புதல் முறையை 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே கொண்டிருந்தது. உற்பத்தி நின்ற ஊர்திகளுக்கேனும் அம்முறையை மீட்டெடுத்தால் சட்டத்தின் நோக்கமும் தொழில்மரபும் ஒருங்கே காக்கப்படும். அன்றேல், வண்டலூரின் வண்டிகளோடு அவற்றைப் பேணிய அறிவும் எடைக்குப் போகும்.